நின்று ஓடும் கடிகாரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வாசகர் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தைப் பற்றி எழுதியிருந்தார். அறுபது நிமிட ஆட்டத்தை மூன்றரை மணி நேரம் இழுக்கிறார்கள், பந்து ஓடுகிற நேரத்தைவிடச் சும்மா கிடக்கிற நேரம்தான் அதிகம், அங்கே படிக்கப் போன நம் பிள்ளைகள் இதில் என்ன சுவை கண்டார்களோ என்று கேட்டிருந்தார். அவர் சொன்ன நேரக் கணக்கு சரிதான். ஆனால் கடிகாரம் அப்படி நின்று நின்று ஓடுவதால்தான் அந்த ஆட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் முடிவுகள் பிறந்தன. சுங்கை சிப்புட்டில் இந்த ஆட்டத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்துவரும் எங்களுக்கு மிகப் பிடித்த ஆட்டங்களை வைத்தே அதை விளக்குகிறோம்.

நம் காற்பந்தில் கடிகாரம் நிற்பதில்லை. வீணான நேரத்தை நடுவர் கணக்கு வைத்துக் கடைசியில் சேர்த்துக் கொடுக்கிறார். 2024 ஜனவரி 25ஆம் நாள் ஆசியக் கிண்ணத்தில் மலேசியா தென் கொரியாவோடு 3–3 எனச் சமன் கண்டதே, அதில் ரொமெல் மொராலெஸ் போட்ட கோல் தொண்ணூறு நிமிடம் முடிந்து பதினைந்தாவது நிமிடத்தில் விழுந்தது. விசில் எந்த நொடியில் ஊதும் என்பது நடுவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அமெரிக்க ஆட்டத்தில் மிச்சமுள்ள நொடி பலகையில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அந்த நொடிகளை யார் செலவழிப்பது, யார் சேமிப்பது என்பதுதான் பாதி ஆட்டம்.

அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறோம். திடல் 100 கெஜ நீளம், இரண்டு முனையிலும் மேலும் 10 கெஜம் கோல் பகுதி. பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் குழுவுக்கு நான்கு முயற்சி உண்டு. ஒவ்வொன்றையும் டவுன் என்பார்கள். நான்குக்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி முதல் டவுனிலிருந்து எண்ணலாம். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. பந்தோடு கோல் பகுதிக்குள் புகுந்தால் டச் டவுன், 6 புள்ளி. அதையடுத்துப் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 புள்ளி. உதைக்காமல் மறுபடி ஒருமுறை உள்ளே கொண்டுபோனால் 2. இந்த இரண்டு புள்ளி வாய்ப்பு கல்லூரி ஆட்டத்தில் 1958இல் வந்தது. டச் டவுனுக்கு வழியில்லாதபோது தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைப்பது ஃபீல்டு கோல், 3 புள்ளி.

இனி கடிகாரம். எறிந்த பந்தை யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். பந்து வைத்திருப்பவர் பக்கக் கோட்டைத் தாண்டினால் நிற்கும். திடலுக்குள்ளேயே அவரை வீழ்த்திவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் டவுன் கிடைக்கும்போது, தூரம் அளக்கும் சங்கிலி இடம் மாறும்வரை, 2022 வரை ஆட்டம் முழுக்க நின்றது; 2023இலிருந்து ஒவ்வொரு பாதியிலும் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் நிற்கிறது. ஒரு பாதிக்கு ஒரு குழுவுக்கு மூன்று டைம் அவுட், அதாவது கடிகாரத்தை நிறுத்தக் கேட்டு வாங்கும் இடைவேளை. அது தீர்ந்துபோனவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பந்து கைக்கு வந்ததும் அதைத் தரையில் ஓங்கி அடிக்கலாம். பிடிக்கப்படாத பந்தாக அதைக் கணக்கிட்டுக் கடிகாரத்தை நிறுத்துவார்கள். ஆனால் அதற்கு விலையாக ஒரு டவுன் போய்விடும்.

அந்த விலையை எண்ண மறந்ததால் வந்த குளறுபடிதான் 1990 அக்டோபர் 6இல் நடந்த கொலராடோ – மிசூரி ஆட்டம். கடைசி அரை நிமிடம். கொலராடோ 27–31 எனப் பின்தங்கியிருக்கிறது. பந்து கோல் கோட்டுக்கு மூன்று கெஜத்தில், முதல் டவுன். பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார்கள். இரண்டாவது டவுனில் எரிக் பியெனெமி பந்தோடு பாய்ந்து மறிக்கப்பட்டார். டைம் அவுட் கேட்டார்கள். அந்த இடைவெளியில், எத்தனையாவது டவுன் என்று காட்டும் குச்சியைப் பிடித்திருந்தவர்கள் எண்ணைத் திருப்பவில்லை. அது 2 என்றே நின்றது. மூன்றாவது முயற்சியிலும் பியெனெமி மறிக்கப்பட்டார். அடுத்து, குச்சி 3 என்று காட்டியதை நம்பி, உண்மையில் நான்காவதான முயற்சியில் பந்தைத் தரையில் அடித்தார்கள். விதிப்படி அந்த இடத்தில் பந்து மிசூரிக்குப் போயிருக்க வேண்டும், ஆட்டமும் முடிந்திருக்க வேண்டும். கடிகாரத்தில் இரண்டு நொடி மிச்சம். ஐந்தாவது முயற்சியில் சார்ல்ஸ் ஜான்சன் கோட்டைத் தாண்டி விழுந்தார். 33–31.

முடிவு மாற்றப்படவில்லை. நடுவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு செய்தியாளர்கள் வாக்கெடுப்பில் கொலராடோ நாட்டிலேயே முதலிடம் பெற்றது. எண் சரியாக இருந்திருந்தால் நான்காவது முயற்சியில் பந்தைத் தரையில் அடித்திருக்க மாட்டார்கள் என்று கொலராடோ பக்கம் பேசுவோர் சொல்வார்கள்; அதில் ஞாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த ஆட்டத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும் தானே விரல் விட்டு எண்ணிக்கொண்டு வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இதே பிழை அதற்கு ஐம்பது ஆண்டுக்கு முன்பும் நடந்தது. 1940 நவம்பர் 16இல் கார்னெல், டார்ட்மத்தைக் கடைசி நொடிகளில் 7–3 என வென்றது. தோல்வியே காணாமல் வந்துகொண்டிருந்த குழு அது. ஆட்டத்தின் படச்சுருளைப் பிறகு போட்டுப் பார்த்தபோது வெற்றி ஐந்தாவது டவுனில் வந்தது தெரிந்தது. கார்னெல் தந்தி அடித்து வெற்றியை விட்டுக்கொடுத்தது. ஏட்டில் டார்ட்மத் 3–0 என்று எழுதப்பட்டது. எல்லா ஆண்டுகளையும் சேர்த்து எங்களுக்கு ஒரே ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். இதன் முழு ஆட்டத்தையும் இன்று பார்க்க வழியில்லாவிட்டாலும் சரி.

பார்க்கக் கிடைப்பவற்றில் முதலில் பார்க்க வேண்டியது 1982 நவம்பர் 20, கலிபோர்னியா – ஸ்டான்போர்ட். இதைப் பலரும் கடைசி ஓட்டத்துக்காக மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு முன் நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஸ்டான்போர்ட் 17–19 எனப் பின்தங்கிய நிலையில் ஃபீல்டு கோல் தூரத்துக்கு வந்துவிட்டது. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே 8 நொடி இருக்கும்போதே டைம் அவுட் கேட்டார். மார்க் ஹார்மன் 35 கெஜத்திலிருந்து உதைத்தார், 20–19. உதைக்கு நான்கு நொடி ஆனது; நான்கு நொடி மிஞ்சியது. டைம் அவுட்டை இன்னும் நான்கு நொடி தள்ளிக் கேட்டிருந்தால் உதையோடு ஆட்டம் முடிந்திருக்கும். மிஞ்சியதால் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் ஸ்டான்போர்ட் ஆட்டக்காரர்கள் திடலுக்குள் ஓடிவந்து கொண்டாடியதற்கு 15 கெஜத் தண்டனை; உதை இன்னும் பின்னாலிருந்து.

இங்கே இரண்டு விதிகள் சந்திக்கின்றன. பந்து உயிரோடு இருக்கும்வரை, அதாவது அதை வைத்திருப்பவரின் முழங்கால் தரையில் படாமலும் அவர் கோட்டைத் தாண்டாமலும் இருக்கும்வரை, நேரம் முடிந்தாலும் ஆட்டம் முடியாது. பந்தை முன்பக்கம் எறிய ஒரு முயற்சிக்கு ஒருமுறைதான் இடமுண்டு, உதையைப் பிடித்துத் திரும்பும்போது அதுவும் கிடையாது. பக்கவாட்டிலோ பின்னாலோ எத்தனை முறை வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். கெவின் மோயன் பந்தை எடுத்தார். வீழ்த்தப்படும் முன் ரிச்சர்ட் ரோஜர்ஸுக்கு, அவர் டுவைட் கார்னருக்கு, கார்னர் கீழே விழுந்துகொண்டே மறுபடி ரோஜர்ஸுக்கு, அவர் மாரியட் போர்டுக்கு, போர்டு தோளுக்கு மேலாகப் பின்பக்கம் பார்க்காமலே மோயனுக்கு. ஐந்து கைமாற்றம். ஆட்டம் முடிந்ததென்று எண்ணி ஸ்டான்போர்ட் இசைக்குழு திடலுக்குள் வந்துவிட்டிருந்தது. மோயன் அவர்களுக்கு நடுவே ஓடிக் கோல் பகுதிக்குள் ஒரு டிராம்போன் கலைஞர் மேல் மோதி விழுந்தார். 25–20. கார்னரின் முழங்கால் பந்தை விடும் முன்பே தரையில் பட்டதா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. மெதுவாக ஓட்டிப் பார்ப்பவர்கள் மூன்றாவது கைமாற்றத்தில் நிறுத்திப் பாருங்கள்.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1984 நவம்பர் 23இல், பாஸ்டன் கல்லூரியின் டக் புளூட்டி ஆறு நொடி இருக்கும்போது எறிந்த பந்து மியாமியை 47–45 என வீழ்த்தியது. ஏட்டில் 48 கெஜம் என்றிருக்கும். அவர் பின்வாங்கி ஓடிவந்து எறிந்ததால் காற்றில் அறுபது கெஜத்துக்கு மேல் போனது. குள்ளமான ஆள், அவ்வளவு தூரம் வராது என்று காவலர்கள் முன்னால் நின்றுவிட்டார்கள். ஜெரார்ட் பீலன் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றார். அவ்வளவுதான் விஷயம்.

ஒரே ஒரு நொடியின் விலை தெரிய வேண்டுமானால் 2013 நவம்பர் 30, அலபாமா – ஆபர்ன். நம் ஊரில் அது டிசம்பர் 1, ஞாயிறு காலைப் பசியாறும் நேரம். 28–28. அலபாமாவின் யெல்டன் பந்தோடு பக்கக் கோட்டைத் தாண்டினார். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. அலபாமா பயிற்றுநர் நிக் சேபன் விடவில்லை. படத்தைப் பார்த்த நடுவர்கள், கால் கோட்டுக்கு வெளியே பட்டபோது ஒரு நொடி இருந்ததென்று திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு நொடியில் 57 கெஜத்திலிருந்து ஃபீல்டு கோல் முயன்றார்கள். அன்று அதற்கு முன்பே அலபாமாவின் மூன்று ஃபீல்டு கோல் வீணாகியிருந்தது.

ஏன் அது ஆபத்தான முடிவு? ஃபீல்டு கோல் உதைக்க நிற்கும் பதினொருவரில் பெரும்பாலோர் எதிரிகளைத் தடுத்து நிற்கும் கனத்த ஆட்கள். ஓடித் துரத்துவது அவர்கள் வேலை அன்று. கம்பங்கள் கோல் பகுதியின் பின்கோட்டில் நிற்கின்றன. பந்து எட்டாமல் முன்னாலேயே இறங்கினால் எதிரணி பிடித்து ஓடலாம். ஆபர்ன் இதை எண்ணித்தான் கிறிஸ் டேவிஸைக் கம்பத்துக்கடியில் நிறுத்தியது. ஆடம் கிரிபித்தின் உதை எட்டவில்லை. டேவிஸ் பிடித்து இடது ஓரமாகத் திடல் முழுவதையும் கடந்தார். குறுக்கே மறிக்க வேகமான கால் ஒன்றும் அலபாமா பக்கம் இல்லை. 34–28. கேட்டு வாங்கிய நொடியே அவர்களைத் தோற்கடித்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 14இல் விஸ்கான்சின் – அரிசோனா ஸ்டேட் ஆட்டத்தின் முடிவு நடுவர்களுக்கான பாடம். விஸ்கான்சின் 30–32, பந்து கோலுக்குப் பக்கத்தில், 18 நொடி, டைம் அவுட் இல்லை. குவார்ட்டர்பேக் பந்தைத் திடலின் நடுவுக்குக் கொண்டுவந்து மண்டியிட்டுத் தரையில் வைத்தார். அடுத்து பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்திவிட்டு எளிதாக உதைப்பது திட்டம். எதிரணியினர் அதைத் தவறவிட்ட பந்தென்று எண்ணி மேலே விழுந்தார்கள். நடுவர்கள் அவர்களை விலக்கிப் பந்தைச் சட்டென்று இடத்தில் வைக்கவில்லை. நேரம் ஓடி முடிந்தது. நடுவர்கள் பிறகு கண்டிக்கப்பட்டார்கள், முடிவு அப்படியே நின்றது. திட்டத்தில் ஓட்டை எங்கே என்றால், 18 நொடியில் இரண்டு காரியத்தை வரிசையாக நம்பியதுதான். கம்பத்துக்கு நேரே பந்து இல்லாவிட்டால் என்ன, அந்தத் தூரத்துக்கு ஓரத்திலிருந்தே உதைத்திருக்கலாம். டைம் அவுட் இல்லாத குழு நடுவரின் வேகத்தை நம்பக் கூடாது.

2016 செப்டம்பர் 10இல் மத்திய மிச்சிகன் 30–27 என ஒக்லஹோமா ஸ்டேட்டை வென்றது விதியைத் தப்பாகப் படித்ததால். முன்னிலையில் இருந்த ஒக்லஹோமா ஸ்டேட் நான்காவது டவுனில், மிச்சமிருந்த நான்கு நொடியைக் கரைக்கப் பந்தை வெளியே வீசிவிட்டது. ஆளில்லாத இடத்துக்கு வீசியது குற்றம், அதற்கான தண்டனையில் டவுன் இழப்பும் சேர்ந்தது. டவுன் இழப்புள்ள தண்டனைக்கு நேரத்தை நீட்டக் கூடாது என்பது விதி. நடுவர்கள் நீட்டி மத்திய மிச்சிகனுக்கு ஒரு முயற்சி கொடுத்தார்கள். கூப்பர் ரஷ் எறிந்த பந்தை ஜெஸ்ஸி குரோல் பிடித்து, விழும் முன் கோரி வில்லிஸுக்குத் தள்ளிவிட, அவர் ஓரமாக ஓடிக் கோட்டைத் தொட்டார். அன்றைய எறிதலும் கைமாற்றமும் மிக அழகானவை. வெற்றி மட்டும் அவர்களுடையதன்று என்பது எங்கள் கருத்து.

முன்னிலையில் இருக்கும் குழுவுக்குக் கடிகாரத்தைக் கரைக்க மிக எளிய வழி மண்டியிடுவது. பந்தை வாங்கி முழங்காலைத் தரையில் வைத்தால் முயற்சி முடியும், கடிகாரம் ஓடும், அடுத்த முயற்சியைத் தொடங்க 40 நொடி வரை காத்திருக்கலாம். எதிரணியிடம் டைம் அவுட் இல்லாவிட்டால் ஒவ்வொரு மண்டியும் நாற்பது நொடிக்கு மேல் தின்னும். 2023 அக்டோபர் 7இல் மியாமி 20–17 என முன்னிலை, மூன்றாவது டவுன், முப்பத்துச் சொச்சம் நொடி, ஜார்ஜியா டெக்கிடம் டைம் அவுட் கிடையாது. ஒருமுறை மண்டியிட்டிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். மியாமி பந்தோடு ஓடியது. பந்து கை நழுவியது. 26 நொடி இருக்கையில் பந்து ஜார்ஜியா டெக் கைக்குப் போனது. 74 கெஜம் போக வேண்டியிருந்தது. கடைசியில் ஹேன்ஸ் கிங் எறிந்த 44 கெஜ டச் டவுன், கடிகாரத்தில் ஒரே ஒரு நொடி மிச்சம். 23–20. நாற்பதிலிருந்து முப்பத்து மூன்றைக் கழிக்கத் தெரியாததற்குக் கொடுத்த விலை.

சமநிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996க்கு முன் இந்த உச்சநிலைக் கல்லூரி ஆட்டங்கள் சமநிலையில் முடியலாம். எனவே கடைசி நிமிடத்தில் பயிற்றுநரின் மனசு வெளிப்படும். 1966 நவம்பர் 19இல் நோட்ரடாம் 10–10 என்ற நிலையில் கடிகாரத்தை ஓடவிட்டு மிச்சிகன் ஸ்டேட்டோடு சமன் செய்துகொண்டது. 1984 ஜனவரி 2இல் தோல்வியே காணாத நெப்ராஸ்கா 30–31 என மியாமியை நெருங்கி, ஒரு புள்ளி உதைத்துச் சமன் செய்ய வாய்ப்பிருந்தும், பயிற்றுநர் டாம் ஆஸ்போர்ன் இரண்டு புள்ளிக்குப் போனார். பந்தை மியாமியின் கென் கால்ஹூன் தட்டிவிட்டார். நாங்கள் ஆஸ்போர்ன் பக்கம்.

இரண்டுக்கும் நடுவே வருவது 1968 நவம்பர் 23, ஹார்வர்ட் – யேல். இருவரும் தோல்வி காணாதவர்கள். யேல் 29–13. மீதி 42 நொடி இருக்கையில் ஹார்வர்ட் டச் டவுன் போட்டது. இரண்டு புள்ளி முயற்சி தோற்றது, ஆனால் யேல் செய்த தவறால் மறுவாய்ப்பு, 21. அடுத்து பந்தைத் தூரமாக உதைக்காமல் பத்து கெஜம் தாண்டுமளவு உருட்டித் தாங்களே கைப்பற்றினார்கள். மாற்று ஆட்டக்காரராக வந்த பிராங்க் சாம்பி நேரம் முடியும்போது விக் காட்டோவுக்கு எறிந்தார், 27. திடலில் கடிகாரம் பூஜ்யம், ஆனாலும் டச் டவுனுக்குப் பின்வரும் முயற்சிக்கு நேரக் கணக்கு இல்லை. பீட் வார்னி பிடித்தார், 29–29. ஹார்வர்டின் மாணவர் ஏடு "ஹார்வர்ட் 29–29 என யேலை வென்றது" என்று தலைப்புப் போட்டது.

இன்று சமநிலை கிடையாது. கூடுதல் ஆட்டத்தில் இரு குழுவும் எதிரணியின் 25 கெஜக் கோட்டிலிருந்து மாறி மாறி முயலும், கடிகாரமே இல்லாமல். இதன் சிறந்த உதாரணம் 2007 ஜனவரி 1இல் போய்சி ஸ்டேட் ஒக்லஹோமாவை 43–42 என வென்றது. கடைசி இரண்டு புள்ளிக்கு, குவார்ட்டர்பேக் வலக்கையால் எறிவதுபோல் காட்டி, இடக்கையால் முதுகுக்குப் பின்னே பந்தை இயன் ஜான்சனிடம் கொடுத்தார். 2018 நவம்பர் 24இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் – எல்எஸ்யு ஆட்டம் ஏழு கூடுதல் சுற்று போய் 74–72இல் முடிந்தபின் விதியைச் சுருக்கினார்கள். இப்போது மூன்றாவது சுற்றிலிருந்து இரண்டு புள்ளி முயற்சி மட்டுமே. அப்படியும் 2021இல் இல்லினாய் பென் ஸ்டேட்டை 20–18 என வெல்ல ஒன்பது சுற்று ஆயிற்று. கடிகாரம் இல்லாத இந்தப் பகுதி எங்களுக்கு அவ்வளவு ருசிப்பதில்லை.

கடைசியாக ஆசிரியர் குழுவுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் ஆட்ட நேரம் போடும்போது அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தோடு 12 மணி கூட்டுகிறீர்கள். செப்டம்பர், அக்டோபரில் அது சரி. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் திருப்புகிறார்கள். அதன்பின் 13 மணி கூட்ட வேண்டும். அங்கே சனி பிற்பகல் 3.30 ஆட்டம் அக்டோபரில் நமக்கு ஞாயிறு விடியற்காலை 3.30, அந்த நவம்பர் ஞாயிறுக்குப் பின் 4.30, பால்மரம் வெட்டப் போகிறவர்கள் எழும் நேரம். முக்கியமான ஆட்டங்கள் பலவும் வருவது நவம்பர் கடைசியில்தான், ஆகவே பிழையும் அப்போதுதான் உறைக்கிறது. இரண்டாவது, முடிவை மட்டும் ஒரு வரியில் போடாமல், கடைசிப் புள்ளி விழுந்தபோது எத்தனை நொடி, யாரிடம் எத்தனை டைம் அவுட் இருந்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அந்த வாசகர் நண்பர் 1982 ஆட்டத்தின் கடைசி ஒரு நிமிடத்தையும் 2013 ஆட்டத்தின் கடைசி ஒரு நிமிடத்தையும், பலகையில் ஓடும் எண்ணைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி எழுதட்டும்.

இப்படிக்கு,
காற்பந்து ரசிகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.